கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. கணிதமும் நாடகமும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறாள். போன வசந்த காலத்தில் ஸ்வார்த்மோர் காலேஜைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு இடமே மனதில் நிற்கவில்லை. எங்கள் நண்பர்களோ, "வில்லியம்ஸ் காலேஜுக்கு ஏர்லி டிசிஷன் போடுங்கள், மூன்று மடங்கு சான்ஸ்" என்கிறார்கள். ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாதே, அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கணவர் பயப்படுகிறார். இளையவன் பத்தாவது படிக்கிறான். ஊரில் இந்தக் காலேஜ்களின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவும் இல்லை. என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது ஸ்வார்த்மோர். அப்படியானால் ஏர்லி டிசிஷனை வில்லியம்ஸுக்குப் போடும் பேச்சே வேண்டாம். நான்கு வருடம் அங்கே போய் இருக்கப்போவது அவள்தான். ஸ்வார்த்மோருக்கு ஏர்லியாகப் போடலாமா, ரெகுலராகப் போடலாமா என்பது மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. அதற்கான விடை அட்மிஷன் சதவீதத்தில் கிடைக்காது. உங்கள் வீட்டு வரவு செலவில் இருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக விதிமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்லி டிசிஷன் என்றால் ஒரே ஒரு காலேஜுக்கு நவம்பர் 1 அல்லது 15-க்குள் விண்ணப்பித்து, "இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன்" என்று மாணவர், பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுவது. டிசம்பர் நடுவில் பதில் வரும். இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுவிட வேண்டும். ஏர்லி ஆக்‌ஷன் வேறு. அதிலும் பதில் சீக்கிரம் வரும், ஆனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவை இரண்டும் இல்லாத வழக்கமான சுற்றுதான் ரெகுலர்.

காலேஜ்கள் ஏன் இதை இவ்வளவு விரும்புகின்றன? ஸ்வார்த்மோர் போன்ற ஒரு காலேஜில் முதலாண்டு வகுப்பே நானூற்றுச் சொச்சம் பேர்தான். நாற்பது பேர் கூடக் குறைய வந்தாலே விடுதி அறையிலிருந்து நிதியுதவி பட்ஜெட் வரை எல்லாம் ஆட்டம் காணும். ஏர்லியில் எடுத்தவர் அநேகமாகக் கட்டாயம் வருவார். அதனால் இளங்கலைப் படிப்பையே முதன்மையாகக் கொண்ட, லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும் இத்தகைய சிறிய காலேஜ்களில் பல, வகுப்பில் ஏறத்தாழ பாதியை, சில இடங்களில் பாதிக்கும் மேலே, டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் நிரப்பிவிடுகின்றன.

இனி அந்த "மூன்று மடங்கு" விஷயம். உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் இடம் கிடைக்கிறது. ஏர்லியில் மட்டும் பார்த்தால் நான்கில் ஒருவர், சில ஆண்டுகளில் மூன்றில் ஒருவர்கூட. ஆனால் அந்த நான்கில் ஒருவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனைக் காலேஜை எடுத்துக்கொள்வோம். ஏர்லியில் 1,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், 300 பேருக்கு இடம். 30 சதவீதம், கேட்கவே குளுகுளு என்றிருக்கிறது. அந்த 300-இல் 110 பேர் விளையாட்டு வீரர்கள் என்று வையுங்கள். இவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பயிற்சியாளர் கோடையிலேயே அட்மிஷன் அலுவலகத்திடம் காட்டிப் பச்சைக்கொடி வாங்கியிருப்பார். அதற்கு அப்புறம்தான் அந்தப் பிள்ளைகள் விண்ணப்பமே போடுகிறார்கள். இன்னொரு 40 பேர் குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற அமைப்பின் வழியாக வரும், வருமானம் குறைந்த குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகள். சில காலேஜ்கள் அவர்களையும் ஏர்லிக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. இந்த 150 பேரைக் கழித்தால் மீதி 850 பேருக்கு 150 இடம். 30 சதவீதம் 18-க்கு இறங்கிவிட்டது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை தரும் காலேஜாக இருந்தால் இன்னும் இறங்கும். (பொமோனா 2017-இலும், ஆம்ஹர்ஸ்ட் 2021-இலும், வெஸ்லியன் 2023-இலும் அந்தச் சலுகையைக் கைவிட்டுவிட்டன. நல்ல காரியம்.)

விளையாட்டின் பங்கை நம்மவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், மிடில்பரி எல்லாம் அமெரிக்கக் காலேஜ் விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் மூன்றில் விளையாடுபவை. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் அட்மிஷனில் பயிற்சியாளரின் சொல்லுக்கு எடை உண்டு. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் இரண்டிலும் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதாவது ஒரு காலேஜ் அணியில் இருக்கிறார். ஸ்வார்த்மோரிலும் அணிகள் உண்டுதான், ஆனால் அமெரிக்கக் கால்பந்து அணியை 2000-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு கால்பந்து அணிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று யோசித்தால், சிறிய காலேஜில் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது புரியும்.

இவ்வளவு கழித்த பிறகும் ஏர்லியில் ஓர் அனுகூலம் மிச்சம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இதே கற்பனைக் காலேஜில் ரெகுலராக 9,000 பேர் போட்டு 500 பேர் உள்ளே வந்தால் அது ஆறு சதவீதத்துக்கும் கீழே. தகுதி இருக்கும் பிள்ளைக்கு ஏர்லி ஒரு கை கொடுக்கும். தகுதி எட்டாத பிள்ளையைத் தூக்கி உள்ளே விடாது.

யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை, நீங்களே பார்க்கலாம். பெரும்பாலான காலேஜ்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்று ஓர் அறிக்கை வெளியிடும். காலேஜ் பெயரோடு சேர்த்து கூகுளில் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி பிரிவின் 21-ஆம் கேள்வியில் ஏர்லி டிசிஷனுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று இருக்கும். சி1-இல் மொத்தக் கணக்கு. ஏர்லி எண்ணிக்கையை அந்த மொத்தத்திலிருந்து கழித்தால் ரெகுலரின் நிலவரம் தெரிந்துவிடும். சி7 அட்டவணையில் மதிப்பெண், கட்டுரை, சிபாரிசுக் கடிதம் என எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அவர்களே டிக் செய்திருப்பார்கள். ஒரு மாலை மகளோடு உட்கார்ந்து இந்த மூன்றையும் பாருங்கள்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. இந்தக் காலேஜ்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரை ஒட்டி வந்துவிட்டது. ஏர்லியில் இடம் கிடைத்தால் நான்கு காலேஜ்களின் நிதியுதவிக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு போய்விடும். ஏர்லிக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை அதுதான். கொடுக்கும் உதவி போதவே போதாது என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பார்கள், அதற்கு இடம் உண்டு. ஆனால் "போதாது" என்பதை முதலில் அளப்பது காலேஜின் அளவுகோல்தான், உங்களுடையது அல்ல. அதனால் அந்த வழியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்குப் பதில் இப்போதே ஸ்வார்த்மோர் இணையதளத்தில், உதவி போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணிக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை எடுத்து, போன வருட வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். ஊரில் ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, அப்பா வழியில் வந்த மனை இருக்கிறதா? எதையும் விடாதீர்கள். நிதியுதவிக்காக இந்தக் காலேஜ்கள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் வெளிநாட்டுச் சொத்தையும் கேட்கும், கால்குலேட்டரில் மறைத்தால் ஏமாறப்போவது நீங்கள்தான். வாடகை வருமானமோ சொந்தத் தொழிலோ இருந்தால் கால்குலேட்டர் தடுமாறும். அப்போது நிதியுதவி அலுவலகத்துக்கு நேரே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, விண்ணப்பிக்கும் முன்பே உத்தேச மதிப்பீடு தர முடியுமா என்று கேளுங்கள். சில காலேஜ்கள் தருகின்றன. கேட்பதால் அட்மிஷனில் எதுவும் குறையாது. ஸ்வார்த்மோர் அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் பணத்தைப் பார்க்காமல் தேர்வு செய்கிறது, நிதியுதவியில் கடனையும் சேர்ப்பதில்லை.

இளையவனைச் சொன்னீர்கள். இருவரும் இரண்டு வருடம் ஒரே சமயத்தில் காலேஜில் இருப்பார்கள். அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சா 2024–25 முதல் இதற்குச் சலுகை தருவதை நிறுத்திவிட்டது. ஆனால் சிஎஸ்எஸ் கேட்கும் காலேஜ்களில் பல இன்னும் தங்கள் சொந்த உதவியில் இதைக் கணக்கில் எடுக்கின்றன. அந்த மின்னஞ்சலில் இதையும் கேட்டுவிடுங்கள்.

வந்த தொகையைப் பார்த்து "கஷ்டப்பட்டாலும் கட்டிவிடலாம்" என்று நீங்கள் இருவரும் ஒரே குரலில் சொல்ல முடிந்தால் ஸ்வார்த்மோருக்கு ஏர்லி போடுங்கள், தயங்க வேண்டாம். மனது தயங்கினால் ரெகுலராகப் போட்டு, தகுதி அடிப்படையில் ஸ்காலர்ஷிப் தரும் ஓபர்லின், மெக்காலெஸ்டர், டெனிசன், வூஸ்டர் போன்றவற்றையும் பட்டியலில் சேருங்கள். ஸ்வார்த்மோர் தரத்துக் காலேஜ்கள் பெரும்பாலும் தேவை அடிப்படையில்தான் தருகின்றன, கெட்டிக்காரத்தனத்துக்கென்று தனியாகக் கிடைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். முதல் சுற்று ஏர்லியில் பெரும்பாலும் பதினோராம் வகுப்பு வரையிலான மதிப்பெண்தான் பேசும். உங்கள் மகளுக்குப் பதினொன்றில் கொஞ்சம் சறுக்கி இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் ஏர்லி டிசிஷன் இரண்டாம் சுற்று இருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பம், பிப்ரவரி நடுவில் பதில். பன்னிரண்டாம் வகுப்பு முதல் பருவ மதிப்பெண்ணும் அதற்குள் கைக்கு வந்திருக்கும். ஸ்வார்த்மோரில் இந்தச் சுற்று உண்டு. வில்லியம்ஸிலும் ஆம்ஹர்ஸ்டிலும் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மாறும். நிதியுதவி தேவைப்படும் வெளிநாட்டு மாணவரைப் பெரும்பாலான காலேஜ்கள் அந்தத் தேவையையும் பார்த்தே தேர்வு செய்கின்றன. பார்க்காமல் எடுக்கும் ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படி விண்ணப்பிப்பவர்கள் காமன் டேட்டா செட்டில் எச்6 பகுதியைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அங்கே இருக்கும்.

ஊரில் யாருக்கும் பெயர் தெரியவில்லை என்ற வருத்தத்தை விடுங்கள். ஸ்வார்த்மோரில் ஹானர்ஸ் படிக்கும் மாணவர்களைக் கடைசி ஆண்டில் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் பேராசிரியர்கள் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வைத்து மதிப்பிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு என்ன தெரியும் என்று வெளியிலிருந்து வந்த ஒரு கணிதப் பேராசிரியர் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வார். மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது அந்தப் பயிற்சி பேசும்.

கடைசியாக ஒரு நடைமுறை வேலை. எந்தச் சுற்றில் போட்டாலும் உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கு ஏர்லி ஆக்‌ஷனில் நவம்பர் 1-க்குள் விண்ணப்பித்துவிடுங்கள். அதில் கட்டாயம் எதுவும் இல்லாததால் ஸ்வார்த்மோர் ஒப்பந்தத்துக்கு அது இடைஞ்சல் ஆகாது. பள்ளி கவுன்சிலரிடம் செப்டம்பருக்குள் பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும், அக்டோபர் கடைசியில் அவர் மேசையில் ஒரு கூட்டமே நிற்கும்.