வாசகர் கேள்வி பதில்: பொருளியல் படிச்சு அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற வேலை

கேள்வி: ஏ.எல் வர்த்தகப் பிரிவில படிக்கிறன். பொருளியல் எண்டா எனக்கு உயிர். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற அளவுக்கு வரணும் எண்டு ஆசை. மாமா சொல்றார் அதெல்லாம் கொழும்புப் பெரிய குடும்பத்துப் புள்ளைகளுக்கு, நீ பேங்க் சோதினைய எடு எண்டு. நான் என்ன செய்ய? (மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: தங்கச்சி, மாமா உங்கட நன்மைக்குத்தான் சொல்றார், அதுல உண்மையும் இருக்கு. இந்த நாட்டில பேர் எடுத்த பொருளியலாளர்கள் கனபேர் வசதியான இடத்தில பிறந்து கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் எண்டு போய்ப் படிச்சவங்கதான். ஆனா அவங்கட வாழ்க்கைய ஒருக்கா விரிச்சுப் பாருங்க. கமனி கொரெயா 1950கள்ல திட்டமிடல் செயலகத்தில வேலை செய்தவர், 1965ல இருந்து திட்டமிடல் அமைச்சுக்குச் செயலாளர், அதுக்குப் பிறகுதான் 1974ல ஜெனீவாவில ஐ.நா.ட வர்த்தகம், அபிவிருத்தி பாக்கிற அன்க்டாட் அமைப்புக்குச் செயலாளர் நாயகமா போய் பத்து வருசம் இருந்தவர். இந்திரஜித் குமாரசுவாமி எங்கட தமிழ் ஆள், 1974ல மத்திய வங்கியில சேர்ந்து 15 வருசம், பிறகு பொதுநலவாயச் செயலகத்தில 2008 வரைக்கும், 2016லதான் மத்திய வங்கி ஆளுநர், 2022 ஏப்ரலில நாடு கடன் கட்ட ஏலாம நிண்ட நேரம் ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லப் போட்ட மூணு பேர்ல அவரும் ஒருத்தர். இருபது முப்பது வருசம் ஆரும் பார்க்காத இடத்தில இருந்து வேலை செய்த பிறகுதான் கூப்பிட்டு ஆலோசனை கேட்டிருக்காங்க.

உங்களுக்கு வழி இதுதான். கெம்பஸ் கிடைச்சா வந்தாறுமூலையோ ஒலுவிலோ பேராதனையோ கொழும்போ, பொருளியல்ல சிறப்புப் பட்டம் செய்யுங்க, முதல் வகுப்பு இல்லாட்டி இரண்டாம் வகுப்பு மேல் பிரிவு எடுக்கப் பாருங்க, ஏனெண்டா விரிவுரையாளர் வேலைக்கு அதைத்தான் முதல்ல கேட்பாங்க. அதுக்குப் பிறகு மாஸ்டர்ஸ், பிஎச்டி. பட்டம் எடுத்த பிறகு பல்கலைக்கழக வேலைதான் ஒரே வாசல் எண்டும் இல்ல. மத்திய வங்கி சோதினை வச்சு ஆள் எடுத்து வெளிநாட்டில படிக்கவும் அனுப்புறது, இலங்கைத் திட்டமிடல் சேவைச் சோதினை எழுதினா பிரதேச செயலகத்தில, கச்சேரியில திட்டமிடல் பணிப்பாளரா வரலாம், கொழும்பில கொள்கை ஆய்வு நிறுவனம் இருக்கு. மாமா சொல்ற பேங்க் சோதினையையும் எழுதுங்க, சம்பளம் ஒண்டு வந்துகொண்டிருந்தா மேல படிக்கிறதுக்குத் தைரியம் வரும்.

இன்னொண்டு. உங்கட ஊரில இருக்கிற விசயத்த சின்னதா நினைக்காதீங்க. மாசி மாசம் வெட்டுத் தொடங்கக்குள்ள எங்கட பக்கம் எல்லா வட்டையிலயும் ஒரே நேரத்தில மிஷின் இறங்குது, ஈர நெல்லு ஒரே கிழமையில குவியுது. அரசாங்கம் உத்தரவாத விலை அறிவிக்குது, ஆனா நெல் சந்தைப்படுத்தும் சபையில அந்த விலை ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல போகாத காஞ்ச நெல்லுக்குத்தான். காயப் போடுறதுக்குக் களம் இல்லாதவன் ரோட்டு ஓரத்தில படங்கு விரிச்சுப் போடுறான், அதுக்கும் வழியில்லாதவன், உரக்கடைக் கடன் நெருக்கிறவன், வயல் வரம்பில நிக்கிற லொறிக்காரன் சொன்ன விலைக்கே குடுத்துட்டுப் போறான். அறிவிச்ச விலை ஒண்டு, கையில வந்த விலை வேறொண்டு. இந்த இடைவெளி ஏன் வருது, ஆருக்கு எவ்வளவு போகுது எண்டு ஒழுங்கா அளந்து எழுதுறதுதான் பொருளியல் ஆராய்ச்சி. கொழும்பில இருந்து ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போறவரால இத எழுத ஏலாது, உங்களால ஏலும்.

கேள்வி: 2021ல ஒரே அடியா உரத்த நிப்பாட்டினாங்க, எங்கட வேளாண்மை நாசமாப் போச்சு. அரசாங்கத்தில எத்தினை ஆலோசகர்மார், ஒருத்தருக்கும் தெரியாதா? அப்ப இந்தப் படிப்பால என்ன பிரயோசனம்? (விவசாயி, சம்மாந்துறை)

பதில்: தெரிஞ்ச ஆக்கள் இருந்தாங்க காக்கா, அதுதான் மனசு ஆறுதில்ல. மே மாசம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு வர்த்தமானி வந்த உடனயே விவசாயப் பொருளியலாளர்களும் மண், பயிர் படிச்ச பேராசிரியர்மாரும் விளைச்சல் விழும், கட்டம் கட்டமா செய்யுங்க எண்டு எழுதினாங்க, சொன்னாங்க. கேட்கல்ல. நவம்பரில தடைய எடுக்கக்குள்ள இங்க பெரும்போகம் விதைச்சு முடிஞ்சுது, விதைச்சு ரெண்டு கிழமையில போட வேண்டிய யூரியா கையில இல்ல, பயிர் மஞ்சளாகி நிண்டத நீங்க பார்த்திருப்பீங்க.

ஆலோசகருக்கு முடிவெடுக்கிற அதிகாரம் இல்ல, அது அமைச்சரவைக்கும் ஜனாதிபதிக்கும். அவர் செய்யக்கூடியது உண்மைய எழுத்தில, நேரத்துக்கு, தெளிவா சொல்றது, கேட்காட்டி எழும்பிப் போறது. கதிரைக்காக வாய மூடிக்கொண்டு இருந்தா அதுக்கும் விலை இருக்கு. 2023 நவம்பரில உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவங்க எண்டு தீர்ப்புச் சொன்னதில அரசியல்வாதிகள் மட்டும் இல்ல, மத்திய வங்கிட முன்னாள் ஆளுநர்மாரும் நிதி அமைச்சிட முன்னாள் செயலாளரும் இருந்தாங்க. படிச்சவங்களுக்கும் கணக்குக் கேட்பாங்க எண்டு அண்டைக்குத் தெரிஞ்சுது.

பிரயோசனம் இல்லாமலும் இல்ல. அரசாங்கம் செலவுக்குக் காசு இல்லாட்டி மத்திய வங்கியில அச்சடிச்சு எடுக்கிறது ஆபத்து எண்டு பொருளியலாளர்கள் பல வருசமா சொல்லிக்கொண்டு வந்தாங்க. 2022 செப்டம்பரில பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போன பிறகுதான் உறைச்சுது, 2023ல வந்த மத்திய வங்கிச் சட்டம் அதத் தடுத்திருக்கு, நாணயக் கொள்கை, அதாவது வட்டி, காசுப் புழக்கம் பத்தி முடிவெடுக்கிற இடத்தில திறைசேரிச் செயலாளரும் இப்ப இல்ல. ஆலோசனை சட்டமா எழுதப்பட்டா ஆளு மாறினாலும் நிக்கும்.

கேள்வி: எப்பவும் வெள்ளைக்காரனக் கூப்பிட்டுத்தானே யோசனை கேட்கிறாங்க? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு)

பதில்: ஐயா, அது தொடக்கத்தில இருந்தே அப்பிடித்தான். மத்திய வங்கி 1950ல தொடங்கக்குள்ள அதுக்குத் திட்டம் எழுதித் தந்தவரும் முதல் ஆளுநரும் அமெரிக்கர் ஜோன் எக்ஸ்டர். அவர் செய்தது நல்ல வேலை. 1950கள்ட கடைசியில ஜோன் ரொபின்சன், மிர்டல், ஹிக்ஸ், கல்பிரெய்த் எண்டு உலகத்திலயே பெரிய பொருளியலாளர்கள் இங்க வந்து யோசனை சொன்னாங்க. நிக்கலஸ் கல்டோர் சொன்னதக் கேட்டு 1959ல செலவு வரி கொண்டு வந்தாங்க, அதாவது ஒருத்தர் எவ்வளவு உழைக்கிறார் எண்டு பார்க்காம எவ்வளவு செலவழிக்கிறார் எண்டு பார்த்து வரி. தாள்ல அழகான யோசனைதான், ஆனா ஒவ்வொருத்தர்ர செலவுக்கும் கணக்கு எங்க இருக்கு? சில வருசத்திலயே கைவிட்டாங்க.

அதே நேரம் அம்பாறையில நடந்ததையும் சொல்லணும். 1980கள்ட தொடக்கத்தில கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்திட இடதுகரையில கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காட கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படிச்ச பொடியன் புள்ளைகள ஊருக்குள்ளயே குடியிருக்க விட்டாங்க, அவங்க வீடு வீடாப் போய்க் கதைச்சு விவசாயிகளச் சேர்த்தாங்க. வருசக்கணக்கா தூர்ந்து கிடந்த வாய்க்கால விவசாயிகளே வெட்டித் துப்பரவாக்கி, கடைக்கண்டத்துக்கும் தண்ணி போக முறை வச்சாங்க. உலகத்தில கனநாட்டில நீர்ப்பாசனம் படிக்கிறவங்க இண்டைக்கும் கல்லோயாவப் பத்திப் படிக்கிறாங்க. வந்தவர் எந்த நாடு எண்டது எனக்குப் பெரிசில்ல ஐயா, வாய்க்கால் கட்டில நடந்தாரா எண்டதுதான்.

கேள்வி: மேத்ஸ் பலவீனம். பொருளியல் செய்யலாமா? (மாணவன், அக்கரைப்பற்று)

பதில்: பட்டம் எடுக்கலாம் தம்பி, பிஎச்டி வரைக்கும் போறதெண்டா மேத்ஸும் புள்ளிவிபரமும் கட்டாயம். 2022 ஆலோசனைக் குழுவில இருந்த சாந்த தேவராஜன்ட முதல் பட்டமே கணிதம்தான். இப்ப இருந்தே தினம் கொஞ்சம் செய்யுங்க, இங்கிலீஷும் அப்பிடித்தான். மத்திய வங்கி வருசா வருசம் வெளியிடுற பொருளாதார அறிக்கை தமிழிலயும் இணையத்தில இருக்கு, இலவசம். விவசாயம் பத்தின பகுதியத் திறந்து நெல்லு அட்டவணையில இருந்து தொடங்குங்க.