லாரி ஓட்டப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 23 வயது. வியாசர்பாடியில் இருந்துகொண்டு குட்டி யானை ஓட்டுகிறேன், லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, எல்.எம்.வி. (இலகுரக வண்டி) மட்டும்தான். பேட்ஜ் இல்லாமல் லோடு வண்டி ஓட்டினால் மாட்டிக்கொள்வாய் என்று ஒருத்தர் பயமுறுத்துகிறார், அதெல்லாம் இப்போது வேண்டாம் என்கிறார் இன்னொருத்தர். எனக்கு ஹார்பர் பக்கம் டிரெய்லர் ஓட்ட ஆசை. என்ன செய்யணும்?

பதில்: தம்பி, இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸை வைத்தே ஓட்டலாம், பேட்ஜ் என்கிறார்களே, அப்படி டிரான்ஸ்போர்ட் என்று தனியாகப் பதியத் தேவையில்லை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. மொத்த எடை என்றால் வெறும் வண்டி இல்லை, அது ஏற்றக்கூடிய லோடும் சேர்த்து, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலேயே போட்டிருக்கும். குட்டி யானை அந்தக் கணக்குக்கு ரொம்பக் கீழே, அதனால் கவலையில்லாமல் ஓட்டுங்கள். ஆனால் ஒருநாள் பெரிய வண்டிக்கு டிரைவர் வரவில்லை, ஓனர் சாவியை நீட்டி 'மாதவரம் வரைக்கும்தானே, எடுத்துட்டுப் போ' என்பார் பாருங்கள், அப்போது ஆர்.சி.யைப் பார்க்காமல் ஏறாதீர்கள். எடை 7,500 கிலோவைத் தாண்டியிருந்து பிடித்தால் ஓட்டிய உங்களுக்கு 5,000 ரூபாய் அபராதம், கொடுத்த ஓனருக்குத் தனியாக 5,000. அதுகூடப் போகட்டும், விபத்து நடந்து லைசென்ஸ் சரியில்லை என்று தெரிந்தால், அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஓனரிடமே திருப்பி வசூலிக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் சாவி கொடுத்தது யார் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சரி, டிரெய்லருக்கு வருவோம். 20 வயது முடிந்திருக்கணும், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும், இரண்டுமே உங்களுக்கு இருக்கிறது. அரசின் சாரதி இணையதளத்தில் டிரான்ஸ்போர்ட் வகைக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போடுங்கள், டாக்டரிடம் மருத்துவச் சான்றான படிவம் 1ஏ வாங்குங்கள் (25 மீட்டர் தூரத்தில் இருக்கிற நம்பர் பிளேட் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், கண்ணாடி போட்டுப் படித்தாலும் போதும்), டிரைவிங் ஸ்கூலில் பயிற்சிச் சான்றான படிவம் 5 வாங்குங்கள். எல்.எல்.ஆர். வந்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் வரை செல்லும்.

லைசென்ஸ் கையில் வந்த மறுநாளே டிரெய்லரில் ஏறாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். முதலில் ஆறு சக்கர வண்டியில் கொஞ்ச காலம் ஓட்டுங்கள். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது வால் இடப்பக்கம் போகணும் என்றால் முதலில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கணும், அப்புறம் முன் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மடிப்பு அதிகமாவதற்குள் திருப்பிக்கொண்டு வரணும். இத்தனை நாள் குட்டி யானையில் பழகின கை இதைச் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது. கண்டெய்னர் யார்டில் பின்னால் நாலு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

கேள்வி: ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். எட்டாவது பாஸ் இல்லாமல் ஹெவி (கனரக வண்டி) லைசென்ஸ் கிடைக்காது என்கிறார்களே? (திருவொற்றியூர்)

பதில்: பழைய கதை. அந்த விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். தைரியமாகப் போங்கள்.

கேள்வி: புரோக்கர் ஒருவர், ஸ்கூலுக்கே வர வேண்டாம், படிவம் 5 நான் வாங்கித் தருகிறேன், டெஸ்ட் அன்றைக்கு மட்டும் வந்தால் போதும் என்கிறார். பகலில் வேலை இருப்பதால் எனக்கும் அது வசதிதான். செய்யலாமா? (கொளத்தூர்)

பதில்: கூடாது. கனரக வண்டிக்குப் பயிற்சி குறைந்தது 30 நாள், அதில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஓட்டுவது 15 மணி நேரம் என்று விதியே இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த 15 மணி நேரமே குறைச்சல்தான், அதையும் புரோக்கரிடம் விற்றுவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? கார் ஓட்டத் தெரிந்தவருக்கு லாரியில் முதல் அதிர்ச்சி ஏர் பிரேக். ஸ்டார்ட் செய்ததும் பஸ்ஸர் கத்தும், கேஜில் முள் மெதுவாக ஏறும், போதுமான காற்று ஏறும் வரைக்கும் பார்க்கிங் பிரேக் விடாது, வண்டி நகராது. அவசரப்பட்டுப் பிரயோஜனமில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பிடிமானம் குறைந்துவிடும், அதனால் முன்கூட்டியே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கில் (இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) இறங்கணும். சென்னைக்குள் ஓட்டும் வரை இது உங்களுக்குத் தேவைப்படாது, ஏலகிரிக்கு முதல் லோடு போகும்போது தேவைப்படும், அங்கே போய் யாரைக் கேட்பீர்கள்?

டெஸ்ட்டிலும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்வார், வண்டி ஒரு அடிகூடப் பின்னால் உருளக் கூடாது. ஓட்டிப் பழகாதவர் அங்கேயே தெரிந்துவிடுவார். பகலில் வேலை என்றால் காலை ஆறு மணிக்கு வகுப்பு வைக்கும் ஸ்கூல் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கொஞ்ச நாள் லீவு போட முடிந்தால், தரமணியில் இருக்கிற சாலைப் போக்குவரத்து நிறுவனமான ஐ.ஆர்.டி.க்கு கும்மிடிப்பூண்டியில் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் லைசென்ஸ் 2031 வரை இருக்கிறது. ஆனால் கம்பெனியில் வேலைக்குப் போனால், காலாவதி ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்? (அம்பத்தூர்)

பதில்: கார்டை எடுத்துப் பாருங்கள், இரண்டு தேதி இருக்கும். என்.டி. என்பது உங்கள் சொந்த பைக், காருக்கு. டி.ஆர். என்பது டிரான்ஸ்போர்ட்டுக்கு, அது ஐந்து வருஷம்தான். நீங்கள் முதல் தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். முன்பு காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் அதையும் நீக்கிவிட்டார்கள், அதனால் டி.ஆர். தேதி முடிந்த மறுநாள் லாரி எடுத்தாலே தப்பு. முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம், 1ஏ மட்டும் திரும்ப வாங்கணும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டணும். இந்த வாரமே போய்விடுங்கள்.

கேள்வி: மணலியில் டேங்கர் ஓட்டக் கூப்பிடுகிறார்கள், சம்பளமும் நல்ல சம்பளம். ஹெவி லைசென்ஸ் இருந்தால் போதுமா? (எண்ணூர்)

பதில்: பெட்ரோல், கேஸ், கெமிக்கல் என்றால் போதாது. அபாயகரமான சரக்குக்கு மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் தனியாகப் பதிந்திருக்கணும். அது மூன்று வருஷம்தான் செல்லும், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஒரு நாள் வகுப்பு உண்டு. எழுதப் படிக்கவும் தெரிந்திருக்கணும். பயிற்சிச் செலவை யார் கொடுப்பது என்பதைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள், சேர்ந்த பிறகு சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கேள்வி: நான் பெண். ஆட்டோ ஓட்டுகிறேன். லாரிக்கு மாறலாமா என்று கேட்டால் டிரைவிங் ஸ்கூலில் சிரிக்கிறார்கள். (தண்டையார்பேட்டை)

பதில்: சிரிக்கிற ஸ்கூலை விட்டுவிட்டு வேறு ஸ்கூலுக்குப் போங்கள், சகோதரி. 1993-லேயே கன்னியாகுமரிப் பக்கம் வசந்தகுமாரி அரசு பஸ் ஓட்ட வந்துவிட்டார். சட்டத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று எதுவும் கிடையாது. ஆனால் ஆட்டோ லைசென்ஸ் மட்டும் இருந்தால் நேராக லாரிக்குத் தாவ முடியாது, முதலில் எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷம் ஆகணும். அது ஏற்கெனவே இருந்தால் நாளைக்கே எல்.எல்.ஆர். போடலாம்.