வெட்டுத்துணியும் பழைய அழைப்பிதழும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தையற்கடை நடத்தும் என் அண்ணி மாதந்தோறும் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணியைக் குப்பையில் போடுகிறார். அவற்றோடு பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்து, உருவம் எதுவும் இல்லாத சுவர்ப்படம் ஒன்று செய்ய முயன்றேன். எல்லாவற்றையும் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி ஒட்டியதில் அது தரைவிரிப்பைப் போல வந்துவிட்டது. எங்கே பிசகியது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சதுரமாக வெட்டிய இடத்தில்தான் பிசகியது. ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போது பிறை வடிவில் ஒரு துண்டு விழும். கைக்குழியிலிருந்து அதைவிடச் சற்று நீண்ட வளைவு ஒன்று கிடைக்கும். அதன் ஓரத்தில் அண்ணி போட்ட சாக்பீஸ் கோடு சில வேளை அழியாமல் இருக்கும். அழகுக்காக யாரும் திட்டமிடாத வடிவங்கள் அவை. உடம்பின் வளைவை ஒட்டிக் கத்தரிக்கோல் போன தடம் அவற்றில் இருப்பதால், அவற்றை நேராக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பல தலைமுறைகளாகப் பழைய உடுப்புகளிலிருந்து போர்வை தைத்துவருகிறார்கள். அவர்களுள் ஒருவரான மிசூரி பெட்வே, 1942-இல், இறந்துபோன தம் கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து, அவரது நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தைத்தார். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவ்வூர்ப் போர்வைகள் சுவரில் மாட்டப்பட்டபோது, நவீன ஓவியங்களுக்கு இணையாக அவற்றை வைத்துப் பேசினார்கள். துணி எவ்வளவு கிடைத்ததோ அந்த அளவே அங்கே வடிவத்தைத் தீர்மானித்தது.

நீங்கள் காடாத் துணி ஒன்றை விரித்து, துண்டுகளை ஒட்டாமல் குண்டூசியால் மட்டும் குத்தி, இரண்டு மூன்று நாள் சுவரில் தொங்கவிடுங்கள். பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது கண் ஓரிடத்திலேயே போய் நின்றால், பெரும்பாலும் அங்கே ஒரு ஜரிகைத் துண்டு இருக்கும். அதை எடுத்துவிடலாம், அல்லது அதைச் சுற்றிக் காடாவை வெறுமையாக விடலாம். வெற்றிடம் விடத் தயங்காதீர்கள். உங்கள் படத்துக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: துணி ஒட்டுவதைக் கைவேலை என்கிறார்கள். இது ஓவியம் ஆகுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆகும். ஓவியர் சோனியா டெலோனே 1911-இல் தம் குழந்தைக்காகத் துண்டுத்துணிகளில் தைத்த போர்வையே, பின்னாளில் அவர் உருவங்கள் இல்லாமல் வண்ணங்களை மட்டும் கொண்டு தீட்டிய ஓவியங்களுக்குத் தொடக்கமாக அமைந்தது. அப்போர்வை இன்று பாரிஸின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கேள்வி: தாளைத் துணியோடு சேர்த்து மெஷினில் தைத்தால் கிழிந்துவிடுகிறது. மைதாப் பசையில் ஒட்டினால் பூச்சி அரிக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தையல் நெருக்கமாக விழும்போது ஊசித் துளைகள் தபால்தலையின் ஓரம்போல் வரிசையாகி, தாள் அந்தக் கோட்டிலேயே பிரிந்துவிடும். தையல் நீளத்தை 4 மில்லிமீட்டராகக் கூட்டி, தாளின் பின்புறம் மெல்லிய மல் துணியை ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு தையுங்கள். தாள் ஊசியின் முனையை மழுக்கிவிடும் என்பதால் அதற்கென்று ஓர் ஊசியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பசையில் பூச்சி வராமலிருக்கப் புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, ஆகவே குழந்தைகள் நடமாடும் வீட்டில் வேண்டாம், ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பூசினால் போதும். அதற்கு முன் துணிகளை நனைத்து உலர்த்துவது அவசியம், இல்லையெனில் பசையின் ஈரத்திலேயே சாயம் இறங்கித் தாளைக் கறையாக்கும்.

செய்தித்தாளில் மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் இருப்பதால் வெயில் பட்டதும் பழுப்பேறி நொறுங்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் கூடத்தில் செய்வதுபோன்ற பருத்தித் தாள் நெடுநாள் தாங்கும். அதுவும் கழிவுத் துணியிலிருந்து வந்ததுதான் என்பதால், உங்கள் துணிக்கு அது அந்நியமாகத் தெரியாது.