பல் இம்ப்ளான்ட்: ஒரு மணி நேரமா, ஐந்து மாதமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. போன வருடம் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அங்கே இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்க வேலூரில் விசாரித்தோம். ஒரு டாக்டர் 'ஒரு மணி நேர வேலை' என்கிறார், இன்னொருவர் 'நாலைந்து மாதம் ஆகும்' என்கிறார். அப்பாவுக்குச் சுகர் உண்டு, பீடியும் பிடிப்பார். யார் சொல்வது சரி?
- வாசகி, குடியாத்தம்

பதில்: இருவருமே சரி. முதலாமவர் ஆபரேஷனைச் சொல்கிறார், இரண்டாமவர் அந்தப் பல்லால் மெல்லும் நாளைச் சொல்கிறார்.

எலும்பு தாராளமாக இருந்தால் ஒரு இம்ப்ளான்ட்டுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஊசி போட்டு மரத்துப்போக பத்து நிமிடம். பிறகு ஈறைக் கீறி, எலும்பில் 2 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, அடுத்தடுத்த டிரில்களால் அகலப்படுத்துவார்கள். சலைன் தண்ணீர் விடாமல் பாய வேண்டும். எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றாலே அந்த ஓரம் செத்துப்போகும். செத்த எலும்பு திருகைப் பிடிக்காது. ஆகவே விட்டுவிட்டுத் துளையிடும் டாக்டரை மந்தமானவர் என்று நினைக்காதீர்கள். சுமார் 4 மி.மீ. பருமன், 10 மி.மீ. நீளமுள்ள டைட்டானியம் திருகு இறங்கியதும் தையல். 7 முதல் 10 நாளில் தையல் பிரிப்பார்கள்.

திருகைச் சுற்றிப் புது எலும்பு வளர கீழ்த்தாடையில் மூன்று நாலு மாதம், மேல்தாடையில் நாலு முதல் ஆறு மாதம். அதன் பிறகே அளவெடுத்து, திருகின் மேல் கேப் (மெல்லும் பல்) போடுவது. அதற்கு இன்னும் இரண்டு வாரம். இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரம் வரை. பழைய எலும்பு கரைந்து புதியது இறுகாத காலம் என்பதால், முதல் நாளில் இருந்ததைவிடத் திருகின் பிடி அப்போது குறைவு. வலியும் வீக்கமும் போய்விட்டதே என்று முறுக்கைக் கடிப்பதும் அப்போதுதான்!

சுகரைப் பொறுத்தவரை மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7-க்குள் இருந்தால் நல்லது, 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடுங்கள். பீடி, ரத்தக் குழாயைச் சுருக்கி எலும்பு வளர்வதைக் கெடுக்கும். ஒரு வாரம் முன்பே நிறுத்தி, இரண்டு மாதமாவது தொடக்கூடாது. இதற்கு அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் பணத்தைச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் தாமாக நிறுத்த வேண்டாம். இதய டாக்டரிடம் கேளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு மேல் கடைவாய். 'சைனஸ் இறங்கியிருக்கிறது, எலும்பு வைக்க வேண்டும், பத்து மாதம்' என்கிறார்களே?
- வாசகர், ஆற்காடு

பதில்: பல் போன இடத்தில் எலும்பு கரைய, மேலேயுள்ள சைனஸ் என்ற காற்றறை கீழே பரவும். சிபிசிடி ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) மீதி எலும்பு எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எலும்பு வைக்கும்போதே திருகையும் வைத்துவிடலாம். நாலுக்கும் கீழே என்றால் முதலில் எலும்புத் தூளை நிரப்பி ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்து, பிறகு திருகு. பத்து மாதம் என்பது நியாயமான கணக்குதான்.

கேள்வி: வாணியம்பாடியிலிருந்து வேலூர் வந்து இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு அன்றே பஸ்ஸில் திரும்பலாமா?
- வாசகர், வாணியம்பாடி

பதில்: தாராளமாக. ஆனால் வழியெல்லாம் துப்பிக்கொண்டே போகாதீர்கள், ரத்தம் உறையாது. அன்றைக்குச் சூடான சாப்பாடு ஆகாது. பிரியாணிக்காக ஆம்பூரில் இறங்க வேண்டாம். மரத்த உதடு சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். கீழ்த்தாடையில் செய்துகொண்டவருக்கு மறுநாள் காலையிலும் உதடும் தாடையும் மரத்தே இருந்தால், தையல் பிரிக்கும் நாள் வரை பொறுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். திருகு நரம்பை அழுத்தினால் ஓரிரு நாளுக்குள் அதை எடுத்துவிட வேண்டும்.