அந்த ரெண்டு டிக்கெட் இப்ப எங்க?

கேள்வி: எங்களுக்கு காரைக்கால் பக்கம், பிரான்ஸ் வந்து 30 வருஷம் ஆச்சு, பாரிஸ் பக்கத்துல சார்செல்ல இருக்கோம். எனக்கு தபால் ஆபீஸ்ல நிரந்தர வேலை. மூத்த பொண்ணுக்கு 27 வயசு, அனிமேஷன் படிச்சிட்டு ஆங்குலெம்ல வேலை பாக்கறா. எட்டு மாசம் ஒரு ஸ்டுடியோ, அப்புறம் மூணு மாசம் ஷொமாஜ் காசு, அதாவது வேலை இல்லாதப்ப வர்ற உதவிப் பணம், திரும்ப வேற ஸ்டுடியோ. இதுவரைக்கும் ஒரு சே.தே.இ., அதான் நிரந்தர வேலை ஒப்பந்தம், கிடையாது. போன வருஷம் அவ வேலை பார்த்த படம் தியேட்டருக்கு வந்துச்சு. சனிக்கிழமை காலை 11 மணி ஷோவுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போனா. அது மார்க்கெட் போற நேரம், சின்னப் பசங்க படம்தானேன்னு நாங்க போகல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி சமாளிக்கிறோம். இந்தத் தொழில் நிக்குமா? வேற வேலை தேடுன்னு கண்டிச்சு சொல்லலாமா?
- ஒரு அப்பா, சார்செல்

பதில்: தம்பி, இந்த லெட்டர் எனக்கு மாசத்துக்கு ஒண்ணு வருது. பையன் கிட்டார தூக்கிட்டு அலையறான், பொண்ணு டிராமாவுல சேந்துட்டான்னு ஊரும் பேரும்தான் மாறும். அதனால கவலைப்படாதீங்க எல்லாம் சரியாயிடும்ங்கற வார்த்தைய என்கிட்ட எதிர்பாக்காதீங்க. நான் கேக்கறது ஒண்ணுதான், அந்த ரெண்டு டிக்கெட் இப்ப எங்க இருக்கு? குப்பைக்குப் போச்சா, இன்னும் ஃப்ரிட்ஜ்லயே தொங்குதா?

எதிர்காலம்னு நீங்க பெருசா கேட்டதை நான் படிச்சேன், ஆனா போற போக்குல எழுதின அந்த மார்க்கெட் வரியிலதான் நின்னுட்டேன். அவ ஏன் சனிக்கிழமை காலை 11 மணிக்கு வாங்கினான்னு யோசிச்சீங்களா? உங்க மார்க்கெட்ட கெடுக்கணும்னா? அந்த மாதிரி படத்துக்கு தியேட்டர்ல குடுக்கற நேரமே பெரும்பாலும் அதுதான், புதன் மதியம் பள்ளிக்கூடம் இல்லாத நேரம், இல்லன்னா சனி ஞாயிறு காலை. ராத்திரி எட்டு மணி ஷோவெல்லாம் பெரியவங்க படத்துக்கு. அனிமேஷன்னா சின்னப் பசங்களுக்குன்னு நீங்க நினைக்கற மாதிரியேதான் தியேட்டர்காரங்களும் நினைக்கறாங்க, அதுலதான் இந்தத் தொழிலோட பாதி கஷ்டமே இருக்கு.

நீங்க தபால் ஆபீஸ் ஆளு, கணக்கு புரியும். 2014ல பிரான்ஸ்ல நிறைய தியேட்டர்ல 14 வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைக்கு டிக்கெட்ட 4 யூரோ ஆக்கினாங்க, அந்த 4 யூரோவ வச்சே பாருங்க. அதுல தேவேஆங்கற விற்பனை வரி 5.5 சதவீதம் போகும், அதுக்கு மேல சினிமாவுக்கு உதவற அரசு அமைப்பு சி.என்.சி.க்குன்னு 10.72 சதவீதம் போகும், மீதிய தியேட்டரும் விநியோகஸ்தரும் ஏறக்குறைய பாதிப்பாதி பிரிச்சுக்கறாங்க, ஆக ஒரு புள்ள உள்ள வந்தா படத்து பக்கம் வர்றது ஒன்றரை யூரோ சொச்சம், அதுலயும் விநியோகஸ்தர் தன்னோட கமிஷன், போஸ்டர், விளம்பரச் செலவெல்லாம் முதல்ல எடுத்துப்பாரு. இப்ப யோசிங்க, உங்க பொண்ணு வாங்கினது விலை கூடின பெரியவங்க டிக்கெட், அதுவும் ரெண்டு.

அடுத்தது, இங்க புதுப்படம் வர்றது புதன்கிழமை, திங்கக்கிழமை காலைல தியேட்டரும் விநியோகஸ்தரும் போன்ல உக்காந்து எந்தப் படத்துக்கு எத்தனை ஷோன்னு பிரிச்சிடுவாங்க. நாலு வருஷம் செஞ்ச படத்துக்கு அஞ்சு நாள்தான் அவகாசம். நாங்க ரெண்டு பேர் போயிருந்தா மட்டும் படம் ஓடியிருக்குமான்னு கேப்பீங்க, ஓடியிருக்காது. ஆனா 1998 டிசம்பர்ல கிரிகூன்னு ஒரு பிரெஞ்சு அனிமேஷன் படம் வந்தப்ப அதுக்கு யாரும் பெரிய விளம்பரம் பண்ணல, ரொம்ப கொஞ்சம் பிரிண்ட்தான், ஆப்பிரிக்க கிராமத்துக் கதை, அம்மணமா ஓடற பொடியன், இத யார் பாப்பாங்கன்னாங்க. டீச்சருங்க பாத்துட்டு கிளாஸ கூட்டிட்டுப் போனாங்க, அம்மாக்கள் வாசல்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க, பத்து லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. நானும் என் பையன் ஸ்கூல்ல ஒரு அம்மா சொல்லித்தான் போனேன், கோட்டு நனைஞ்சு ஊறிப்போய் உக்காந்து பாத்தது இன்னும் ஞாபகம் இருக்கு. பிரான்ஸ்ல அனிமேஷனுக்கு பணம் போடலாம்னு ஆளுங்களுக்கு தைரியம் வந்ததுல அந்தப் படத்துக்கு பெரிய பங்கு உண்டு. வாய் வார்த்தைதான் தம்பி. நீங்க பாத்துட்டு தபால் ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட என் பொண்ணு செஞ்ச படம்னு சொல்லியிருக்கணும். அத சொல்ல கூச்சப்பட்டு கம்ப்யூட்டர்னு பொய் சொல்லிட்டு திரியறீங்க.

சின்னப் பசங்க படம்னு மட்டமா சொன்னீங்கல்ல, மினியன்ஸ் டிஷர்ட் போடாத புள்ள சார்செல்ல உண்டா? உலகம் பூரா ஓடற அந்த மஞ்ச பொம்மைங்க 2010லேர்ந்து பாரிஸ்ல ஒரு ஸ்டுடியோல செய்யறது. அந்தப் படத்துக்கு நீங்க டிக்கெட் எடுத்தாலும் அதே 10.72 சதவீதம் சி.என்.சி. பெட்டிக்கு போய், அங்கேர்ந்து இங்க எடுக்கற படங்களுக்கு உதவித்தொகையா திரும்ப வருது. ஹாலிவுட் டிக்கெட்டுலேர்ந்து காச எடுத்து உள்ளூர் படம் செய்யற ஏற்பாடு. உங்க பொண்ணு சம்பளத்துல ஒரு துளி அங்கேர்ந்தும் வந்திருக்கும்.

ஷொமாஜ்னு நீங்க எழுதின தொனியும் எனக்குப் பிடிக்கல. அவ சோம்பேறியா வீட்ல உக்காரல. ஒரு படத்துல முதல்ல ஸ்டோரிபோர்டு ஆளுங்க, அப்புறம் லேஅவுட், அப்புறம் அனிமேஷன், அப்புறம் கம்போசிட்டிங், ஒவ்வொரு கட்டத்துக்கும் வேற வேற டீம், அந்தக் கட்டம் முடிஞ்சா அந்த டீமோட ஒப்பந்தமும் முடிஞ்சது. அதுக்காகத்தான் அந்தெர்மித்தான்னு ஒரு ஏற்பாடே வச்சிருக்காங்க, 12 மாசத்துல 507 மணி நேரம் வேலை காட்டினாதான் இடைப்பட்ட மாசத்துக்கு காசு. எட்டு மாசம் முழுநேரமா உழைச்சிருக்கான்னா அந்த 507ஐ அவ எப்பவோ தாண்டியாச்சு. அந்தப் பணம் அவ உழைப்புக்கு வர்றது, யாரும் தானம் குடுக்கல.

தொழில் நிக்குமான்னு கேட்டதுக்கு நேரா சொல்றேன், இப்ப நேரம் சரியில்ல. டிவியும் ஸ்ட்ரீமிங்கும் ஆர்டர குறைச்சுட்டாங்க, 2025 பிப்ரவரில டெக்னிகலர்னு அனிமேஷன், கிராஃபிக்ஸ் செய்யற எவ்வளவு பெரிய கம்பெனி, அதுவே விழுந்துச்சு, பெங்களூருலயும் ஆளுங்க ஒரே நாள்ல தெருவுக்கு வந்தாங்க. அதே வருஷம் மார்ச்சுல லாத்வியாக்காரர் ஒருத்தர் பிரான்ஸ், பெல்ஜியம் கூட்டு வச்சு 40 லட்சம் யூரோவுக்கும் கம்மியா எடுத்த பூனைப் படம் ஆஸ்கர் வாங்கிச்சு, ஒரு வார்த்தை வசனம் கிடையாது. இப்படித்தான் மேலயும் கீழயும் போகும். அவ கைல தொழில் இருக்கு, ரெண்டு மூணு ஸ்டுடியோ திரும்பத் திரும்பக் கூப்பிடுதுன்னா வேலைல சுத்தம்னு அர்த்தம். வேற வேலை தேடுன்னு கண்டிக்கறதுக்கு அப்பாவுக்கு உரிமை உண்டு, நான் பழைய காலத்து ஆளு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா புள்ள செஞ்சத பாக்காம கண்டிக்கற உரிமை எந்த அப்பாவுக்கும் கிடையாது. அஞ்சாங்கிளாஸ்ல அவ மரமா நின்ன டிராமாவுக்கு லீவு போட்டு போயிருப்பீங்க, அப்ப மரம், இப்ப வாரம் முழுக்க முதுகு ஒடிய உக்காந்தாலும் திரையில வர்றது சில செகண்ட், அதுக்குப் போக சனிக்கிழமை காலைல கத்திரிக்கா குறுக்க வந்துடுச்சா?

பொண்ணுக்கும் ஒரு திட்டு இருக்கு, டிக்கெட்ட ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போறது என்ன பழக்கம், அப்பா அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். இத அவகிட்ட படிச்சுக் காட்டுங்க.

இப்ப அந்தப் படம் வீட்லயே வாடகைக்குக் கிடைக்கும், நாலஞ்சு யூரோ. அவ அடுத்த தடவை வர்றப்ப டிவில போடுங்க, வீட்டுக்காரம்மாவும் பக்கத்துல உக்காரணும், எந்த ஷாட் உன்னுதுன்னு கேளுங்க, நிறுத்தி நிறுத்தி காட்டச் சொல்லுங்க, கடைசில பேர் ஓடறப்ப எழுந்து அடுப்படிக்குப் போகாதீங்க. மாப்பிள்ளை சமாச்சாரம் அதுக்கப்புறம் எனக்கு எழுதுங்க, அப்ப பேசலாம். அந்த லெட்டர்லயாவது படத்தோட பேரை எழுதுங்க தம்பி, இந்த லெட்டர ரெண்டு தடவை புரட்டித் தேடிட்டேன், எங்கயும் இல்ல.