வெங்காயத் தோல்ல சாயம் போட முதல் துணியை ஏன் படிகாரத்தில ஊற வைக்கோணும்?

படிகாரம் எண்டது சாயத்தையும் துணியையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு உப்பு. கனக்க செடிச் சாயங்கள் நூலோட தானா நல்லாப் பிணையாது, படிகாரத்தில இருக்கிற அலுமினியம்தான் ஒரு பக்கம் நூலையும் மற்றப் பக்கம் சாயத்தையும் பிடிச்சுக்கொள்ளும். துறையில வள்ளம் கட்டுற கயிறு மாதிரி, கயிறு இல்லாட்டி தண்ணி கொண்டு போயிடும்.

100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம் போல காணும், சுடுதண்ணியில கரைச்சு ஒரு இரவு விடுங்க. பருத்தி எண்டா அதுக்கும் முதல் கடுக்காய் இல்லாட்டி மாதுளந்தோல் அவிச்ச தண்ணியில போட்டெடுக்கிறது முக்கியம், இதைத்தான் கனபேர் விட்டுடுவினம், பிறகு நிறம் வெளிறிப்போச்சு எண்டு கவலைப்படுவினம். கம்பளி நூலுக்கு அது தேவையில்லை. முந்தி மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் கிண்டியெடுத்த சாயவேர் நல்ல சிவப்புக் குடுக்கிறதும் படிகாரத்தோடதான், எவ்வளவு அருமையான வேர் அது!

மஞ்சள் கிழங்குச் சாயம் மட்டும் வேற கதை, படிகாரம் போட்டாலும் திருகோணமலை வெயிலுக்கு நிக்காது, எதையும் நிழலிலயே காய விடுங்க.

கறியுப்பும் வினாகிரியும் போட்டா சாயம் பிடிக்கும் எண்டு சொல்லுறதை நம்பவேண்டாம், செடிச் சாயத்தில அதுகள் படிகாரத்தின்ர வேலையைச் செய்யாது.