ஜன்னல் யார் கண்ணில்?

கேள்வி: திரைச்சீலை, மேஜை விரிப்பு தைத்து ஏற்றுமதி செய்கிறேன். வாஸ்து பார்த்து மேஜையைத் தென்மேற்கு மூலைக்கு மாற்றி, கிழக்கு பார்த்து உட்காருகிறேன். முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். மேனேஜர், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், தம்பி என எல்லாரையும் கூட வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். ஆனாலும் வருகிற பையர் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார், விலை படிவதில்லை. இடத்தில் இன்னும் ஏதாவது குறையா? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: குறைதான். நீங்கள் கிழக்கு பார்த்தால் எதிரே இருப்பவர் மேற்கு பார்ப்பாரே! மதியம் மூன்று மணி வெயில் நேராக அவர் கண்ணில். உங்கள் முகம் அவருக்கு வெறும் நிழல். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்றே தெரியாதவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்? உங்களுக்கு வாஸ்து பார்த்தாயிற்று, சரி. வந்தவருக்கு யார் பார்த்தது?

அவருக்கு என்ன நாற்காலி போட்டீர்கள் என்று எழுதவில்லை. 2010-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு காரை வாங்குவதாக நினைத்துக்கொண்டு விலை கேட்கச் சொன்னார்கள். அந்த விலைக்குத் தர முடியாது என்றதும் இன்னொரு விலை கேட்கச் சொன்னார்கள். மெத்தென்ற நாற்காலியில் இருந்தவர்களைவிடக் கட்டை நாற்காலியில் இருந்தவர்கள் குறைவாகவே ஏற்றிக் கேட்டார்கள். ஒரு ஆய்வை நம்பி சோபா வாங்க வேண்டாம். ஆனால் உங்களுக்குச் சுழல் நாற்காலி, அவருக்குப் பிளாஸ்டிக் என்றால் அதை மாற்றுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்று பேர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் பேரம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரகரும் வாங்க வந்தவரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள். ஒரு விரல் நூறா, ஆயிரமா என்பது பிடிக்கிற இருவருக்கும்தான் தெரியும். வாய் ஊர்க்கதை பேசும், முகத்தில் ஒன்றும் இருக்காது. அடுத்த வியாபாரிக்கு விலை தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: பத்துப் பேர் காதில் விழச் சொன்ன விலையிலிருந்து இறங்கினால் மானம் போகும், துண்டுக்குள் ஒரு விரலை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

நீங்களோ துண்டை உருவிவிட்டு, மூன்று சாட்சிகளை வேறு உட்கார வைக்கிறீர்கள். அவரும் ஏற முடியாது, தம்பி முன்னால் உங்களாலும் இறங்க முடியாது.

அடுத்த முறை அவரைச் செக்கிங் டேபிளுக்குக் கூட்டிப் போங்கள். இருவரும் ஒரே பக்கம் நின்று, துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே பீஸுக்கு ஐந்து ரூபாய் ஏற்ற இறக்கத்தைப் பேசுங்கள். தம்பி டீ சொல்லப் போகட்டும்.

அப்புறம், ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைத்து அனுப்புகிறீர்கள். அந்த மேற்கு ஜன்னலுக்கு ஒன்று போடக் கூடாதா?